லாந்தர் பாக்கி

பதினொன்றுக்கு விசில்.
நாலு மணிவரை வெயிலில் வேலை கூடாது, சட்டம்.
மினா அப்துல்லாவில் குழாய்களின் நிழல்
ஓர் ஆள் அகலம்தான்.
அதில் ஒருக்களித்துப் படுத்தபடி
காலத்தைப் பற்றிச் சண்டை போடுகிறோம்.

உப்புக் கோபுரம் ஆடியவர்களுக்குத் தெரியும்.
உச்சியில் ஒரு மணி தொங்கும்.
அடித்தால் நேற்றுக்குப் போகலாம்,
செத்த படகோட்டியைப் பிழைக்க வைக்கலாம்,
திறந்த மதகை மூடலாம்.
கேள்வி அதுவல்ல.
மணியடித்துவிட்டுக் கிளம்பி வந்தோமே,
அந்த இன்று
என்ன ஆகிறது?

"அழிஞ்சு போகும்" என்பான் ரிபாயுதீன்.
"போன்ல இடமே இல்ல, ரெண்டு உலகத்த எங்க வைப்பான்?"
பன்னிரண்டு பேருக்கு ஒரு குளியலறை உள்ள
மஹ்பூலா ஃப்ளாட்டில் வசிப்பவன்
வேறெப்படி யோசிப்பான்.

கஜரூபன் வவுனியாக்காரன், மெதுவாகத்தான் பேசுவான்.
"அழியேல்ல. மணி காலத்தைத் திருப்பேல்ல.
அடிச்சவனைத்தான் தூக்கிக்கொண்டு போகுது.
அங்க மிச்சமெல்லாம் அப்பிடியே நடக்கும்,
அவன் மட்டும் இல்லாமல்."

சாட்சிக்கு அவன் கூப்பிடுவது
மூன்றாம் நிலவறையின் கடைக்காரியை.
எத்தனையாவது முறை புதிதாய்ப் பிறந்து போனாலும்
எண்ணெய்க் கையைத் துடைத்தபடி அவள் சொல்வாள்:
"லாந்தருக்குக் காசு தரவில்லையே நீ."
இந்தக் கிளையில் நீ லாந்தரே வாங்கியிருக்க மாட்டாய்.
பையைக் கவிழ்த்துப் பார்:
கயிறு, ரொட்டி, இரண்டு சாவி.

ரிபாய்க்கு அது புரோகிராம் எழுதியவனின் தூக்கக் கலக்கம்.
கஜரூபனுக்குக் கசிவு.
வால்வு வால்வாகக் கசிவு தேடுவதே அவன் உத்தியோகம்,
எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும் என்று
நானும் சிரித்திருக்கிறேன்

போன செவ்வாய் வரை.

தெரியாத எண். சவூதிக் குறியீடு.
தம்மாமிலிருந்து ஒரு கணக்கர், மலையாளம் கலந்த தமிழில்:
"மிஸ்டர் அருமைநாதன்?
எம்ப்ளாயி நம்பர் மூவாயிரத்து நூற்றுப் பதினேழு?
நாலு வருஷமாச்சு, நீங்க ஹெல்மெட் திருப்பித் தரலை."

தம்மாமுக்கு நான் போனதே இல்லை.

ஒரே வாரத்தில் இரண்டு விசா வந்தது உண்மை.
ஏஜென்ட் மேசையில் அருகருகே கிடந்தன.
மின்விசிறி ஒன்றைத் தள்ளிவிட்டது.
குனியச் சோம்பல்பட்டு
மேசையில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டேன்.
இதை விதி என்று சொல்ல எனக்கே கூச்சம்.

கணக்கர் விடவில்லை. படம் அனுப்பினார்.
மஞ்சள் ஹெல்மெட், மீடியம் சைஸ், பெற்றுக்கொண்டேன்.
கீழே என் கையெழுத்து.
கடைசிப் புள்ளியைத் தாள் கிழியக் குத்துகிற
பழக்கம் உட்பட.

அந்த ஆபீஸில் எத்தனை வெற்றுத்தாளில் போட்டேன் என்று
எண்ணியா வைத்தேன்?
எவனோ என் பெயரில் சம்பளம் வாங்கியிருப்பான்.
ரிபாய் இதைத்தான் சொன்னான். நியாயமும் அதுதான்.

கஜரூபன் ஒன்றே ஒன்று கேட்டான்:
"ஹெல்மெட்டை எங்க வைச்சனீ?"

அன்றிரவு மேல்கட்டிலில்
போர்வைக்குள் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு
நிலவறைக்கு இறங்கினேன்.
எப்போதும் 'நான் வாங்கவில்லை' என்பதைத்தான் அழுத்துவேன்.
அதற்கும் கீழே ஒன்று இருந்தது. அழுத்தினேன்.
பதினைந்து காசு குறைந்தது.
கடைக்காரி எண்ணிப் பார்த்தாள்.
நன்றி சொல்லவில்லை.
"அவன் இருட்டில் போகவில்லை,
உனக்கு அது தெரிந்தால் போதும்" என்றாள்.

அப்படி ஒரு வசனமே ஆட்டத்தில் கிடையாது என்று
காலையில் ரிபாய் சத்தியம் செய்தான்.

தம்மாமுக்கு முப்பத்தைந்து ரியால் அனுப்பினேன்.
பன்னிரண்டரைக்கு, குழாய் நிழலில்,
ரசீது வந்தது.
ஹெல்மெட் கணக்கு தீர்ந்தது என்று முதல் வரி.
இரண்டாவது வரியை
இன்னும் யாருக்கும் காட்டவில்லை:

விடுப்பு பாக்கி, பதினோரு நாள்.